144 போதுமா, 240 வேண்டுமா?

கணினி மேசை: வாசகர் கேள்வி பதில்

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் மாதங்களில் எனக்கு வரும் தபாலும் கனத்துவிடும். முன்பெல்லாம் லேப்டாப் பற்றிக் கேட்டு எழுதுவார்கள். இந்த முறை பாதிக்கு மேல் மானிட்டர். அதுவும் போட்டிக்கு விளையாடும் பிள்ளைகள் கேட்கிற அதிவேக மானிட்டர். திரை விநாடிக்கு எத்தனை முறை படம் மாற்றுகிறது என்பதுதான் அந்த வேகம்; அதை ஹெர்ட்ஸ் என்று எண்ணுவார்கள். 'மிகச் சிறந்தது எது? ஒரே வரியில் பதில் வேண்டும்' என்று சிலர் கட்டளையே இட்டிருக்கிறீர்கள். ஒரு வரியில் முடிகிற சங்கதி என்றால் ஆசிரியர் எனக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கமாட்டார்.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுகிறேன். இப்போது இருப்பது அப்பாவின் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். பதினைந்தாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். கடையில் மூன்று பேனல் வகைகளில் காட்டினார்கள்: 24 அங்குல ஐபிஎஸ் 180 ஹெர்ட்ஸ், 27 அங்குல வளைந்த விஏ 165 ஹெர்ட்ஸ், ஒருவர் ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுத்த 24 அங்குல டிஎன் 240 ஹெர்ட்ஸ். மூன்றும் 1080பி, அதாவது 1920-க்கு 1080 புள்ளி. என் கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650. எதை எடுக்கலாம்?
— எஸ்.கே., கும்பகோணம்

பதில்: 24 அங்குல ஐபிஎஸ். கடைக்குக் கிளம்பும் அவசரம் இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணம் வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

பெட்டி மேல் 60, 144, 240, 360 என்று எண்கள் ஏறுவதைப் பார்த்தால் ஒவ்வொரு படியும் ஏதோ பெரிய ஏற்றம் போலத் தோன்றும். அதை மில்லி விநாடியாக மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.7 மில்லி விநாடி அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. 144-இல் 6.9. 180-இல் 5.6. 240-இல் 4.2. 360-இல் 2.8. அறுபதை விட்டு 144-க்குப் போகிறவருக்கு ஒரு படத்துக்கு ஏறத்தாழப் பத்து மில்லி விநாடி மிச்சம். 180-ஐ விட்டு 240-க்குப் போகிறவருக்கு ஒன்றரைகூட இல்லை. விற்கிறவர் இரண்டையும் ஒரே குரலில்தான் விற்பார்.

அந்த முதல் தாவல் உண்மையிலேயே பெரிது. ஒரு கதவு இடுக்கைக் குறிவைத்துக் காத்திருக்கிறீர்கள். எதிரி அதைக் கடக்க ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வையுங்கள். அந்த ஓட்டத்தை 60 ஹெர்ட்ஸ் திரை உங்களுக்கு 12 படங்களாகக் காட்டும். 180 ஹெர்ட்ஸ் திரை 36 படங்களாகக் காட்டும். இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் கண் ஓடுகிற ஆளைத் தொடர்ந்து வழுக்கிக்கொண்டே போகிறது. திரையோ ஒவ்வொரு படத்தையும் அசையாமல் நிறுத்துகிறது. இந்த முரண்பாடுதான் கண்ணில் இழுவையாகத் தெரிகிறது. விநாடிக்கு 960 பிக்சல் (திரைப் புள்ளி) வேகத்தில் ஓடும் உருவம் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடும், 240-இல் நான்குதான். தூரத்தில் தெரியும் எதிரியின் தலையே சில பிக்சல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி நீங்கள் கழித்துவிட வேண்டிய இரண்டு. விஏ பேனலில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்க அருமை. ஆனால் இருட்டு நிறத்திலிருந்து அதைவிடச் சற்றே வெளிச்சமான நிறத்துக்கு மாற விலை குறைந்த விஏ திணறும். நிழல் மூலையில் ஓடுகிறவனுக்குப் பின்னால் மை கரைந்ததுபோல் ஒரு வால் நீளும். வளைவு உங்கள் விளையாட்டுக்கு எதையும் கொடுக்காது. தவிர, 1080பி படத்தை 27 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் விழும். 24-இல் 92 விழும். கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட்டக்காரர்களில் பலர் லட்சங்களுக்கு ஆடும்போதும் 24, 25 அங்குலத் திரையைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். முழுத் திரையும் ஒரே பார்வைக்குள் அடங்க வேண்டும் அவர்களுக்கு.

டிஎன் வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே நிறம் மாறும். மேலும் 240 படத்தை யார் தயாரிப்பது? வாலரன்ட் இலேசான விளையாட்டு. விநாடிக்கு 144 படம் எடுக்க அதைத் தயாரித்த நிறுவனமே கேட்பது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அளவுள்ள கார்டுதான். உங்களுடையது அதற்கு ஒரு படி மேலே. 150-ஐச் சுற்றி நிம்மதியாக ஆடலாம். புகையும் தீயும் சேர்ந்து நாலு பேர் ஒரே இடத்தில் மோதும்போது 240-ஐக் கீழே விடாமல் பிடிக்க வேறு கார்டும் வேறு பிராசசரும் வேண்டும். மிஞ்சும் பணத்தில் நல்ல மௌஸும் அகலமான மௌஸ் விரிப்பும் வாங்குங்கள்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாதம் ஒன்றாகிறது. பழையதற்கும் இதற்கும் துளி வித்தியாசம் தெரியவில்லை. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?
— பெயர் வேண்டாம் என்கிறார், பட்டுக்கோட்டை

பதில்: மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி வந்த அன்றே கல்லணைக் கால்வாய்க் கடைமடையான உங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வந்துவிடுகிறதா? எந்த மதகு மூடியிருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று கரையோடு நடந்துதான் பார்க்க வேண்டும். இதுவும் அப்படித்தான். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் நாம் கொஞ்சம் நடப்போம்.

முதல் மதகு விண்டோஸ். புது மானிட்டரை மாட்டியதும் அது பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே உட்கார்ந்துகொள்ளும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் 144-ஐ நீங்கள்தான் கைப்பட எடுத்து வைக்க வேண்டும். தஞ்சாவூரில் என் சர்வீஸ் கடைக்கு 'மானிட்டர் போலி' என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு இடத்திலேயே முகம் மலர்ந்து திரும்பிப் போகிறார்கள். சிலர் பல மாதம் 60-இல் ஆடியிருப்பார்கள். 'இப்போது தெளிவாக இருக்கிறது' என்று நண்பர்களிடம் பெருமையும் பேசியிருப்பார்கள்.

பட்டியலில் 144 என்ற எண்ணே இல்லையென்றால் அடைப்பு கேபிளில். பழைய மானிட்டரோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளையே இதிலும் செருகியிருப்பீர்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 துளை, 1080பியில் பொதுவாக 120-ஓடு நின்றுவிடும். நடுவில் விஜிஏ மாற்றி ஏதாவது வைத்திருந்தால் பேச்சே வேண்டாம், 60தான். பெட்டிக்குள் டிஸ்பிளேபோர்ட் கேபிள் ஒன்று கொடுத்திருப்பார்கள். ஒரு மூலை மட்டும் வெட்டியது போலிருக்கும் செருகி அது. அதை எடுத்துப் போடுங்கள்.

கணினிப் பெட்டியின் பின்புறத்தையும் குனிந்து பாருங்கள். கேபிள் மேலே மதர்போர்டின் துளையில் இருக்கிறதா, கீழே படுக்கை வசத்தில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் துளையில் இருக்கிறதா? மேலே என்றால், காசு கொடுத்து வாங்கிய கார்டு உள்ளே தூங்குகிறது.

கடைசியாக விளையாட்டு. அதன் வீடியோ அமைப்பில் பிரேம் (விநாடிக்கு எத்தனை படம்) வரம்பு 60 என்று யாராவது வைத்திருக்கலாம்; படத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க் இழுத்துப் பிடித்திருக்கலாம். பிரேம் எண்ணைத் திரை மூலையில் காட்டச் சொல்லிவிட்டு ஒரு ஆட்டம் ஆடுங்கள். 70, 80 என்றே நின்றால் மானிட்டர் நிரபராதி, கார்டுதான் அவ்வளவு.

எல்லாம் முடித்ததும் டெஸ்க்டாப்பில் மௌஸ் அம்புக்குறியை வேகமாக வட்டமடிக்க விடுங்கள். 60-இல் அம்புகள் தள்ளித் தள்ளி நின்று தாவும். 144-இல் நெருங்கி நின்று கிட்டத்தட்ட ஒரு கோடாகும். அதிலும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் எப்படி ஓடும்?
— மா.வே., திருவாரூர்

பதில்: கேட்டதற்குச் சபாஷ். இரண்டும் ஒரே அலகு, ஒன்றுக்கொன்று உறவில்லை. சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் அடாப்டருக்குள் நுழைந்ததும் நேர்மின்னோட்டமாகிவிடுகிறது. படம் எப்போது மாற வேண்டும் என்பதை மானிட்டரும் கிராஃபிக்ஸ் கார்டும் தங்களுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகக் கடிகாரத்தை வைத்து முடிவு செய்கின்றன. அதனால்தான் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவிலும் அதே மானிட்டர் அதே வேகத்தில் ஓடுகிறது. பழைய காலத்தில் டி.வி. வேகத்தையும் மின்சார வேகத்தையும் பொருத்தி வைத்தார்கள் என்பது உண்மை, நம் டி.வி. 50 என்றும் அமெரிக்க டி.வி. 60 என்றும் பிரிந்தது அந்த வழியில்தான்.

கேள்வி: அம்மா, நான் விவசாயி. மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிக் கொடுத்தால் போட்டியில் பரிசு வாங்குவேன் என்று நிற்கிறான். சினிமாவே விநாடிக்கு 24 படம்தான், அதற்கு மேல் மனிதக் கண்ணுக்குத் தெரியாது என்று எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி? இந்த விளையாட்டெல்லாம் சட்டப்படி சரிதானா என்றும் சொல்லுங்கள்.
— ரா.கோ., நீடாமங்கலம்

பதில்: ஐயா, ஆசிரியர் சொன்ன 24 சரி. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த இடம் சரியில்லை. ஃபிலிம் ஓடிய தியேட்டரில் 24 படத்தை 24 முறை மட்டும் காட்டியிருந்தால் திரை மினுக்கி மினுக்கித் தலைவலி வந்திருக்கும். அதனால் புரொஜெக்டரின் இறக்கை ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறையோ மூன்று முறையோ வெட்டிக் காட்டும். ஆக விநாடிக்கு 48 அல்லது 72 மின்னல். கேமரா எடுக்கும்போதே அசைவு கொஞ்சம் கலங்கிப் பதிவதால் ஓட்டமும் இயல்பாகத் தெரிகிறது. என் அப்பா டி.வி. மெக்கானிக். அந்தக் காலத்துக் கனத்த கண்ணாடிக் குழாய் மானிட்டர் கடைக்கு வந்தால் அவர் முதலில் செய்த வேலை 60 ஹெர்ட்ஸை 85-க்கு மாற்றுவதுதான். வங்கியில் நாள் முழுவதும் அதை உற்றுப் பார்த்தவர்கள் கண் வலி குறைந்தது என்று மறுநாள் சொல்லிவிட்டுப் போவார்கள். கண்ணுக்கு 24-க்கு மேலும் தெரியும், 60-க்கு மேலும் தெரியும்.

உங்கள் மகன் சொன்னதிலும் பாதிதான் உண்மை. 60-இலிருந்து 144-க்கு மாறினால் அவனுக்கு உதவும். 144 ஏற்கெனவே இருக்கிறது, 240 இல்லாததால்தான் தோற்கிறேன் என்றால் நம்பாதீர்கள். ஒன்று செய்யுங்கள். அவன் ஆடும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பிரேம் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அது 200-ஐத் தாண்டவில்லையென்றால் 240-க்குக் கொடுக்கும் பணம் வீண். திட்டாமல், 'இந்த எண் ஏன் ஏறவில்லை?' என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்கிற பதிலைப் பொறுத்து அவனுக்கு விஷயம் தெரிகிறதா, வெறும் ஆசையா என்பது புரிந்துவிடும்.

சட்டம்: மின்விளையாட்டுப் போட்டிகளை மத்திய அரசு 2022 டிசம்பரில் இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்கிறது. திறமைப் போட்டியை அதிலிருந்து பிரித்து அங்கீகரிக்கிறது. போட்டியில் சேர நுழைவுக் கட்டணம் இருக்கலாம், வெல்கிறவருக்குப் பரிசும் இருக்கலாம். கட்டிய பணமே பெருகித் திரும்பி வரும் என்று யாராவது ஆசை காட்டினால் அது வேறு கதை. அங்கே மகனின் கையைப் பிடித்து இழுத்துவிடுங்கள்.

கேள்வி: 240 ஹெர்ட்ஸ் வாங்கினால் பிங் குறையுமா?
— திருத்துறைப்பூண்டி

பதில்: குறையாது. பிங் என்பது உங்கள் வீட்டுக்கும் விளையாட்டு சர்வருக்கும் இடையே தகவல் போய்வரும் நேரம். வாலரன்ட் சர்வர் மும்பையில் இருக்கிறது. நேர்கோட்டில் பார்த்தாலே ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 11 மில்லி விநாடிக்குக் குறைந்து இயற்கையே அனுமதிக்காது. இழையும் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல நிலையங்கள், ஆகவே திரையில் தெரிவது அதைப்போல் பல மடங்காக இருக்கும். வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து ஆடிப் பாருங்கள். செலவு சில நூறு ரூபாய்.

கேள்வி: உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு. மின்சாரம் போய்ப் போய் வரும். வோல்டேஜும் ஒரு நிலையில் இருக்காது. கஜா புயலில் ஒரு கணினியை இழந்தவர்கள் நாங்கள். விலையுயர்ந்த மானிட்டரை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா? உப்புக் காற்றுக்கு என்ன செய்வது?
— த.ம., வேதாரண்யம்

பதில்: வோல்டேஜ் குறைவதைப் பற்றி மானிட்டருக்காகக் கவலைப்பட வேண்டாம். அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் குறைந்த வோல்டேஜிலும் அது தன் வேலையைச் செய்யும். கொல்வது, போன மின்சாரம் திரும்பி வருகிற அந்த நொடியின் எகிறலும், இடியும்.

24 அங்குல மானிட்டர் இருபது, முப்பது வாட்தான் குடிக்கும். குடிப்பது கணினி, ஆடும்போது முந்நூறு வாட்டுக்கு மேலும் போகும். கடையில் கிடைக்கும் 600 விஏ (வோல்ட் ஆம்பியர்) யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், அதுவும் சில நிமிடம். ஆட்டத்தை முடிக்க அதை நம்பாதீர்கள், ஒழுங்காக அணைக்க மட்டும் அது. வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் மின்விசிறி உறுமும், கணினியின் பவர் சப்ளைக்கும் அது ஆகாது. சைன் வேவில் யூபிஎஸ், இன்வெர்ட்டர் என்று பின்பக்கம் ஒரு விசை இருக்கும். அதை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். மின்சாரம் போனதும் சீக்கிரம் கைமாறும், கணினி நடுவில் அணையாது.

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குகிற வழக்கம் உங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு. பிடுங்காமல் விட்டுவிடுவது இணையக் கேபிளை. வீட்டுக்குள் வருகிற கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக ஏறுகிற எகிறல், அங்கிருந்து கணினிக்குப் போகும் செம்புக் கேபிளில் இறங்கி மதர்போர்டைத் தின்றுவிடும். பிளக்கெல்லாம் பிடுங்கியும் கணினி செத்துவிட்டது என்று ஐப்பசியில் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கேபிளைத்தான்.

உப்புக் காற்றுக்கு: மானிட்டரைப் பயன்படுத்தாத நாட்களிலும் சிறிது நேரம் போட்டு வையுங்கள், உள்சூடு ஈரத்தை விரட்டும். பாலித்தீன் உறை போட்டு மூடி வைக்காதீர்கள்; ஈரம் உள்ளேயே தங்கும். துளைகளில் பச்சை பூக்கத் தொடங்கினால் கேபிளை மாற்றிவிடுங்கள். திரை திடீர் திடீரென்று கறுத்துத் திரும்பி வருவது பெரும்பாலும் அந்தப் பச்சையால்தான்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுப் பெட்டி) கொண்டுவந்து கொடுத்தான். அதற்கு 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கச் சொல்கிறார்கள்.
— திருவையாறு

பதில்: வேண்டாம். பிஎஸ்5 உச்சமாகக் கொடுப்பதே 120 ஹெர்ட்ஸ். அதுவும் எல்லா விளையாட்டிலும் இல்லை. 27 அங்குல 1440பி (2560-க்கு 1440 புள்ளி) போதும். 2022 செப்டம்பர் முதல் பிஎஸ்5 அந்த அளவை ஏற்கிறது. எச்டிஎம்ஐ 2.1 துளை இருக்கட்டும், பிரேம் ஏறி இறங்கும்போது திரையும் கூடவே ஏறி இறங்க அது வேண்டும். 240-க்கான கூடுதல் பணத்தைத் தம்பியிடமே விட்டுவையுங்கள்.

கேள்வி: மானிட்டரில் ஃப்ரீசிங்க் என்று ஒட்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது என்விடியா கார்டு. சேருமா?
— அ.ஜோ., நாகப்பட்டினம்

பதில்: பெரும்பாலும் சேரும். கார்டு கொடுக்கிற வேகத்துக்கு ஏற்பத் திரையும் ஏறி இறங்குவதற்கு ஏஎம்டி வைத்த பெயர் ஃப்ரீசிங்க், என்விடியா வைத்த பெயர் ஜி-சிங்க். 2013-இல் என்விடியா ஜி-சிங்க்கைக் கொண்டுவந்தபோது மானிட்டருக்குள் அவர்களுடைய சிப் இருந்தே ஆக வேண்டும், விலையும் எகிறும். 2019 ஜனவரியில் மனம் மாறி, மற்ற மானிட்டர்களையும் ஏற்கத் தொடங்கினார்கள். டிஸ்பிளேபோர்ட்டில் மாட்டி, என்விடியா அமைப்பில் ஜி-சிங்க்கை இயக்குங்கள். படம் நடுவில் கிழிந்து தெரிவது நிற்கும். சில மலிவு மானிட்டர்களில் மெனு இருட்டில் வெளிச்சம் துடிக்கும். துடித்தால் அணைத்துவிட்டு ஆடுங்கள், குடி முழுகாது.

கேள்வி: பணம் பிரச்சினை இல்லை. 27 அங்குல 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடியா, 25 அங்குல 360 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ்ஸா? பகலில் அதே திரையில் கணக்கு வேலையும் பார்ப்பேன்.
— வி.ச., தஞ்சாவூர்

பதில்: 'பணம் பிரச்சினை இல்லை' என்று தொடங்கும் கடிதத்தில்தான் பிரச்சினை ஒளிந்திருக்கும். உங்களுடையது கடைசி வரியில் இருக்கிறது.

விளையாட்டுக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓஎல்இடி. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை அது. 360 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ்ஸில் அடுத்த படம் வர 2.8 மில்லி விநாடிதான் இருக்கிறது. அதற்குள் பல நிறங்கள் மாறி முடிப்பதே இல்லை, முந்தைய படத்தின் சாயல் மிஞ்சிவிடும். ஓஎல்இடி பிக்சல் 0.03 மில்லி விநாடியில் மாறுவதாக நிறுவனங்கள் போடுகின்றன. எண்ணை விடுங்கள், கண்ணால் பார்த்தாலே 240 ஓஎல்இடி, தன்னைவிட எண்ணில் பெரிய சில எல்சிடிகளைவிடத் தெளிவாக ஓடும். 2023-இல் 540 ஹெர்ட்ஸ் டிஎன் மானிட்டரே வந்துவிட்டது. அதைத் தேடிப் போகாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

பகல் வேலைதான் இடிக்கிறது. எட்டு மணி நேரம் அசையாமல் நிற்கும் டாஸ்க்பாரும் கணக்குக் கட்டங்களும், இரவு விளையாட்டில் மூலை வரைபடமும் உயிர் அளவு எண்ணும் ஓஎல்இடியில் காலப்போக்கில் தழும்பாகப் பதியும். எழுத்தின் விளிம்பில் நிறம் கசிவதும் சில பேனல்களில் உண்டு. எண்களோடு வாழ்கிறவருக்கு அது உறுத்தும். அதையும் மீறி வாங்கினால், தழும்புக்கு வாரன்டி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைக்கும் நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது. ஓஎல்இடிக்கு அது ஆகாது. திரை அணைந்தபின் ஸ்டான்ட்பையில் இருந்தபடியே அது பிக்சல்களைச் சரிபார்த்துச் சமன்படுத்தும். சுவரில் அணைத்தால் அந்த வேலை நடக்காது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்த ஸ்விட்ச் மேல் ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள்.

ஒரே திரைதான் என்றால் நான் ஐபிஎஸ்ஸுக்கே வாக்களிப்பேன். 360-ஐ நிரப்பக் கார்டு இல்லையென்றால் 240 ஐபிஎஸ்.

கேள்வி: மயிலாடுதுறையில் கேம் சென்டர் தொடங்குகிறேன். எட்டு மானிட்டர் வேண்டும். பெட்டியில் எல்லாமே '1 எம்எஸ்' என்கின்றன. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
— சு.பா.

பதில்: அந்த '1 எம்எஸ்' (மில்லி விநாடி) பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். எம்பிஆர்டி என்று இருந்தால், பின்விளக்கை மின்னி மின்னி அணைத்து எடுத்த கணக்கு அது. அந்த வசதியைப் போட்டதும் திரை மங்கும், பெரும்பாலான மானிட்டர்களில் ஃப்ரீசிங்க்கும் வேலை செய்யாது. ஜிடிஜி என்று இருந்தால் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம். இது கொஞ்சம் நாணயமானது, ஆனால் ஓவர்டிரைவை (பிக்சலை வேகமாக மாறத் தள்ளும் அமைப்பு) உச்சத்தில் வைத்து எடுத்திருப்பார்கள். அந்த உச்சத்தில் ஆடினால் ஓடுகிற உருவத்தைச் சுற்றி வெள்ளை வெளேர் என்று ஒரு நிழல் வரும். நடு நிலையில் வைத்து ஆடுவதுதான் எல்லோரும் செய்வது.

ஆகவே எட்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒன்று வாங்கி, டெஸ்ட்யூஎஃப்ஓ என்ற சோதனைப் பக்கத்தில் பறக்கும் தட்டை ஓடவிட்டு, ஓவர்டிரைவின் ஒவ்வொரு நிலையிலும் அதன் வாலைப் பாருங்கள். திருப்தி என்றால் அதே மாடலில் ஏழு. மாடல் கலந்தால் ஒரு இருக்கைக்கு மட்டும் வரிசை நிற்கும், தோற்றவன் மானிட்டரைக் குறை சொல்வான்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை, ஸ்டாண்டு. மௌஸ் வேகத்தைக் குறைத்து வைத்து ஆடும் பையன்கள் ஒரு திருப்பத்துக்கு முழங்கையிலிருந்து வீசி ஒரு முழம் தூரம் மௌஸை இழுப்பார்கள். மானிட்டரின் கால் 'வி' வடிவில் மேசையில் பாதியைப் பிடித்திருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் அதில் இடிக்கும். கீபோர்டைச் சாய்த்து வைப்பார்கள், திரைக்குள் தலையை நுழைப்பார்கள். கால் சிறியதாக, உயரம் ஏற்றி இறக்கத் தக்கதாக வாங்குங்கள். இல்லையென்றால் பின்னால் 100 மி.மீ. சதுரத்தில் நான்கு திருகு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சுவரோடு மாட்டிவிடுங்கள்.

ஒவ்வொன்றையும் கடையிலேயே பிரித்துக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலத் திரை வைத்துப் புள்ளி பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனபின் ஒன்றிரண்டு புள்ளிக்குப் பல நிறுவனங்கள் மாற்றித் தருவதில்லை. மானிட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; உங்கள் பதிவு எண்ணைப் போட்டுப் பில் கேளுங்கள். சர்வீஸ் ஆள் மயிலாடுதுறைக்கு வருவாரா, நீங்கள் திருச்சிக்குச் சுமக்க வேண்டுமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சுமப்பதானால் அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் வாரன்டி முடியும் வரை பரணில் வையுங்கள்.

கேள்வி: பேரன் வாங்கிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நான் சீரியல் பார்க்கிறேன். எனக்கு அதனால் ஏதும் லாபம் உண்டா?
— வலங்கைமான் வாசகி

பதில்: நம் டி.வி. சீரியல் விநாடிக்கு 25 படம்தான், அம்மா. மாமியார் திரும்பிப் பார்க்கும் காட்சி எந்த மானிட்டரிலும் அதே வேகத்தில்தான் வரும். 144 என்பது 25-ஆல் சரியாக வகுபடாது; அதனால் கேமரா மெதுவாக நகரும்போது லேசாகத் தட்டித் தட்டி ஓடுவது போலிருக்கும். பேரன் கல்லூரிக்குப் போனபின் அட்வான்ஸ்டு டிஸ்பிளேயில் 100 ஹெர்ட்ஸ் இருக்கிறதா பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் வருவதற்குள் 144-க்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அன்று தோற்றதற்கு நீங்கள்தான் காரணம் என்பான்.